தொங்கவிட்டுப் பார்த்த ஜீப்

எங்கள் ஊரில் ஒரு மனிதனை நம்புவதற்கு முன்னால் மோந்து பார்ப்பார்கள். கேலிக்குச் சொல்லவில்லை. என் கணவர் இன்பராஜ் வேலை பார்த்த தங்கச் சுரங்க ஷாஃப்டில், ஆட்களைக் கீழே இறக்கும் கேஜில் ஏறுவதற்கு முன் ஒவ்வொருவரும் வாயைத் திறந்து ஊதிக் காட்ட வேண்டும். வாசலில் நிற்கும் பேங்க்ஸ்மேன் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து மோந்து பார்ப்பார். சாராய வாடை அடித்தால் அன்றைக்குச் சுரங்கத்தில் இறங்க முடியாது, திரும்பி வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். பல்லாயிரம் அடி ஆழத்துக்கு இறங்குகிறவர்களுக்கு அதில் அவமானம் எதுவும் கிடையாது. ஊதினார்கள், இறங்கினார்கள், ஷிஃப்ட் முடிந்து ஏறினார்கள், அவ்வளவுதான்.

அதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவள் நான். பெயர் ஜூடித். ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பாலர் பள்ளியில் டீச்சர். கோபக்காரி என்று சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகள் முழுக்கப் பெயர் வாங்கியிருக்கிறேன். வாங்கிய பெயருக்குக் குறை வராமல் நடந்துகொண்டும் வருகிறேன்.

இன்பராஜ் பதினேழு வருஷம் பூமிக்கடியில் மிஷின்காரராக இருந்தார். பாறையைத் துளைக்கிற மிஷினைத் தோளிலும் தொடையிலும் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நிற்கிற வேலை. எங்கள் கல்யாணத்தில் மோதிரம் போடும்போது அவர் கை ஆடியது. என் விரலுக்குப் பக்கத்தில் மோதிரம் வருவதும் போவதுமாக இருந்தது. கோயில் முழுக்கச் சிரிப்பு. சாமியாரே சிரித்துவிட்டார். அப்போது அவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. மிஷின் பிடித்த கை அப்படித்தான் ஆடும் என்று அங்கே இருந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் தெரியும், பாதிப் பேருக்குத் தங்கள் கையே அப்படித்தான். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

தொண்ணூற்று மூன்றில் அவருடைய ஷாஃப்டை மூடினார்கள். வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வந்த இரண்டு வருஷத்தை நான் அழகுபடுத்திச் சொல்லப்போவதில்லை. குடித்தார், தெருவில் விழுந்தார், எங்கள் மகள் சோனியாவின் புது ஸ்கூல் பையை விற்றுக் குடித்தார். தொண்ணூற்றைந்து தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, யாரும் சொல்லாமல் தானாகப் போய்ப் பீடத்தில் கைவைத்து இனிக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்தார். நான் நம்பவில்லை. அன்று சாயங்காலம் வாசலிலேயே நிறுத்தினேன்.

"ஊதுங்க," என்றேன்.

"இன்னா மே, இது இன்னா ஷாஃப்டா?"

"ஆமா. ஊதிட்டு உள்ள வாங்க."

ஊதினார். பதினான்கு மாதம் ஒவ்வொரு சாயங்காலமும் ஊதினார். நானும் குனிந்து மோந்து பார்த்துவிட்டுக் கதவை விட்டு விலகுவேன். ஒரு நாள் ஸ்கூல் திறந்த சமயம், அலுப்பில் இருந்தேன். கதவைத் திறந்து, "காபி போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குத் திரும்பிவிட்டேன். அவர் வாயைத் திறந்தபடி வாசலிலேயே நின்றார். பிறகு வாயை மூடிக்கொண்டு சிரித்தார். உள்ளே வந்தார். தொண்ணூற்றாறு, ஜூன் பத்து, திங்கட்கிழமை. என் கல்யாண நாள்கூட எனக்கு ஒரு வருஷம் மறந்துபோனது, இந்தத் தேதி மறக்கவில்லை.

அந்த வருஷமே அவர் ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டார். பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிற ராமலிங்கம் ஏலத்தில் ஒரு பழைய மிலிட்டரி ஜீப்பை எடுத்து, அதை ஓட்ட இவரை வைத்துக்கொண்டார். என் மகளைவிடப் பத்து வயது மூத்த வண்டி. சின்னக் கம்பியை இழுத்துவிட்டால் பின் சக்கரங்களோடு முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். மழைக்காலத்தில் பூதிகோட்டைக்கு அப்பால் தோட்டத்துக்குள்ளேயே போய்த் தக்காளி ஏற்றிக்கொண்டு, சேற்றில் மாட்டாமல் திரும்பி வருகிற வண்டி அது. காலையில் சோப்பு, தீப்பெட்டி, பீடிக்கட்டு என்று லேசான சரக்கோடு போவார். மத்தியானம் பின்பக்கம் கூரை முட்டத் தக்காளிப் பெட்டியோடு வருவார். மூன்று வருஷம் இப்படி ஓடியது. சட்டையில் டீசலும் தக்காளிக் காம்பும் கலந்த வாடையோடு வருகிற மனிதரை நான் மோந்து பார்க்காமலேயே உள்ளே விட்டேன்.

தொண்ணூற்றொன்பது ஜூலையில் ஜீப் ஆட ஆரம்பித்தது.

சாப்பிடும்போது தட்டை இரண்டு கையாலும் பிடித்து உதறிக் காட்டினார். சாம்பார் பாயில் சிந்தியது.

"இப்பிடி உதறுது மே. நாப்பதுல போய்க்கினே இருக்கும். ரோட்டுல ஒரு பள்ளம் வரும். முன்சக்கரம் அதுல எறங்கி ஏறுச்சுன்னா அவ்ளோதான். ரெண்டு சக்கரமும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அடிச்சுக்குது. ஸ்டியரிங் கையிலயே நிக்க மாட்டேங்குது. பிரேக்க மெதுவா மிதிச்சு நடக்குற ஸ்பீடுக்கு வந்தாத்தான் அடங்குது."

"எப்பவுமா?"

"போகும்போது இல்ல. வரும்போது. லோடு இருந்தா மட்டும்."

வியாதி முழுவதும் இந்தக் கடைசி வார்த்தையில் இருந்தது. சொன்னவர் ஓட்டுகிறவர், ஆட்டத்தைக் கையில் வாங்கியவர். ஆனால் அதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. எங்கள் ஊர் அதிர்ச்சிக்குப் பழகிய ஊர். பூமிக்குள் பாறை வெடித்து வீடே குலுங்கி, பரணிலிருந்து அண்டா உருண்டு விழுந்தால்கூட, "பர்ஸ்ட்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுத் தூங்கப் போவோம். அண்டாவைத் தள்ளியது யார் என்று கேட்க மாட்டோம். ஒரு ஜீப் ஆடினால் மட்டும் யார் குடித்தது என்று கேட்போம்.

ராமலிங்கம் வண்டியைக் காத்தவராயனிடம் அனுப்பினார். அனுப்பாமல் வேறு எங்கே அனுப்புவார்? காத்தவராயன் இருபத்துநான்கு வருஷம் ஷாஃப்ட் ஃபிட்டர். கேஜைத் தாங்குகிற சங்கிலி, கொக்கி, ஆணி எல்லாவற்றையும் கையில் சுத்தியலோடு தட்டிப் பார்த்து, அவர் தலையசைத்த பிறகுதான் ஆள்கள் ஏறுவார்கள். அவர் வாயிலிருந்து வருகிற "சரி"யின்மேல் நாற்பது உயிர் தொங்கிக்கொண்டு இருந்தது. அப்படிப்பட்டவர் வேலையை விட்ட பிறகு பஜார் கோடியில் ஷெட் போட்டு வண்டி ரிப்பேர் பார்த்தார். ஷெட்டுக்கு நடுவில் இரண்டு இரும்புத் தூண் நட்டு, மேலே குறுக்கே ஒரு கர்டர் போட்டு, கனம் தூக்குகிற செயின் பிளாக் மாட்டியிருந்தார். எந்த ஜீப் வந்தாலும் முன்பக்கத்துச் சட்டத்தில் சங்கிலியைக் கட்டி, அந்தரத்தில் தூக்கித் தொங்கவிட்டுத்தான் பார்ப்பார். மற்ற மெக்கானிக்குகள் ஜாக்கி வைத்து முட்டிபோட்டுக்கொண்டிருக்கும்போது, இவர் நின்றபடி, கேஜைப் பார்க்கிற மாதிரியே வண்டியைச் சுற்றி வந்து தட்டுவார். அதைப் பார்க்கவே ஓய்வுபெற்ற ஆட்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் தடவை ஸ்டியரிங் கம்பிகளின் முனையில் இருக்கிற பந்து மூட்டுகளை மாற்றினார். இரண்டு நாள் நன்றாக இருந்தது போலிருந்தது, மூன்றாம் நாள் லோடோடு வரும்போது மறுபடியும் ஆடியது. இரண்டாம் தடவை சக்கரம் திரும்புகிற இடத்தில் உள்ள கிங்பின் பேரிங்குகளைப் புதிதாகப் போட்டார், முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றினார். அப்படியும் ஆடியது. குறை சொல்லக் கூடாது, செய்த வேலை எல்லாம் சுத்தமான வேலை. இல்லாத இடத்தில் தேடினார், அதுதான்.

மூன்றாம் தடவை நானும் அங்கே இருந்தேன். சனிக்கிழமை, அரை நாள் ஸ்கூல். ஷெட் என் வழியில்தான் இருக்கிறது. ஜீப் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு தொங்கியது. காத்தவராயன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தார், பக்கவாட்டில் பிடித்து அசைத்தார், துளி ஆட்டம் இல்லை. சுத்தியலால் ஒவ்வொரு மூட்டாகத் தட்டினார். எல்லாம் கணீர் கணீரென்று பதில் சொன்னது. ராமலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெஞ்சில் ஏழெட்டுப் பேர். பிறகு வண்டியை இறக்கி, காத்தவராயனே காலி ஜீப்பை எடுத்துக்கொண்டு நல்ல ரோட்டில் போய் அறுபதில் ஓட்டிவிட்டு வந்தார்.

"ஒண்ணும் இல்ல. வெண்ணெ மாதிரி போவுது," என்றார் இறங்கி.

"அண்ணா, காலி வண்டில ஆடாது. லோடு போட்டு ஓட்டிப் பாருண்ணா. நான் பெட்டி ஏத்தித் தரேன்," என்றார் என் கணவர்.

"தொங்கவுட்டுப் பாத்தாச்சு இன்பராஜு. தொங்கும்போது தெரியாத ஆட்டம் ஆட்டமே இல்ல. இருபத்தி நாலு வருசம் நான் பாத்தது இப்பிடித்தான். ஒரு ஆளு செத்தான்னு கேட்டிருக்கியா?"

"அதுக்கு இல்லண்ணா..."

"கைய நீட்டு."

பெஞ்சில் கிடந்த செய்தித்தாளிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். என் கணவர் நீட்டிய இரண்டு புறங்கையின்மேலும் அதை விரித்துப் போட்டார். தாள் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டது. ஷெட்டில் காற்று இல்லை. எல்லாரும் அந்தத் தாளையே பார்த்தார்கள்.

"வண்டி ஆடல. இதான் ஆடுது," என்றார் காத்தவராயன். மெதுவாகத்தான் சொன்னார், இரக்கத்தோடுகூடச் சொன்னார். "எப்ப இருந்துபா மறுபடியும்?"

பெஞ்சில் இருந்தவர்களில் நான்கு பேர் மிஷின்காரர்கள். அவர்கள் கையிலும் அந்தத் தாள் அப்படித்தான் அடித்துக்கொண்டிருக்கும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவர்களை விடுங்கள். மோதிரம் வருவதும் போவதுமாக இருந்த விரல் யாருடைய விரல்? அங்கே நின்றுகொண்டு, "அண்ணா, இந்தக் கை கல்யாணத்தன்னிக்கே ஆடிச்சு," என்று சொல்வதற்கு எனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? நான் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு அது ஞாபகமே வரவில்லை. விற்றுக் குடித்த ஸ்கூல் பைதான் ஞாபகம் வந்தது. அவர் தாளின் மேலாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அன்று சாயங்காலம் மூன்று வருஷம் கழித்து மறுபடியும் வாசலில் வழிமறித்து நின்றேன்.

"ஊதுங்க."

அவர் ஊதினார். டீசல், தக்காளி, கொஞ்சம் பெப்பர்மின்ட். வேறு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. சட்டைப் பையைத் துழாவினேன். ஒரு பெப்பர்மின்ட் காகிதம் கிடைத்தது.

"இது இன்னாத்துக்கு?"

"கடையில சில்லறை இல்லன்னு குடுத்தாங்க மே."

"வாடையை மறைக்க நல்ல வழிதான்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு, எங்கேயாவது உண்மையில் போய் முட்டிக்கொண்டிருப்பேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். "ஜூடி, ஒரே ஒரு வாட்டி எங்கூட வா. பெட்டி ஏத்தின அப்பால பக்கத்துல உக்காரு. நாப்பதுல ஓட்டுறேன். நீயே பாத்துக்கோ. வேற யாரும் பாக்க வேணாம்," என்றார்.

"எனக்கு ஸ்கூல் இருக்குது."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை பூசை இருக்குது."

குடிகாரன் ஓட்டுகிற வண்டியில் ஏறி உட்காரவா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அதை வாயால் சொல்லவில்லை என்பதை அப்போது பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டேன். அவர் அதற்குப் பிறகு என்னை அழைக்கவில்லை.

பத்து நாள் கழித்து, பூதிகோட்டை ஏரிக்கரைத் திருப்பத்துக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிய ஜீப் ஆட ஆரம்பித்தது. அவர் பிரேக்கை மிதித்து அடக்குவதற்குள் திருப்பம் வந்துவிட்டது. வண்டி ஓடையில் சாய்ந்தது. யாருக்கும் பெரிய அடி இல்லை, அவருக்கு உதடு மட்டும் கிழிந்தது. ஓடை முழுக்கத் தக்காளி. முதலில் ஓடிவந்தவன் எங்கே அடிபட்டது என்று பார்க்கவில்லையாம், வாய்க்குக் கிட்டே மூக்கைக் கொண்டுவந்து மோந்து பார்த்தானாம். "தக்காளி நாத்தத்துல ஒண்ணும் தெரியல" என்றானாம். அதுவே பஜாருக்குள் வருவதற்குள் "நாற்றம் தாங்கவில்லை" என்று ஆகிவிட்டது.

மறுநாள் ராமலிங்கம் எங்கள் வீட்டுக்கே வந்தார். நாகரிகமான மனிதர், குரலை உயர்த்திப் பேச மாட்டார்.

"சாவியக் குடுத்துடுங்க இன்பராஜு. உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. ஒடம்பைப் பாத்துக்கோங்க."

எங்கள் ஊரில் உடம்பைப் பார்த்துக்கொள் என்றால் குடிகாரா என்று மரியாதையாகச் சொல்வது. என் கணவர் சாவியைக் கொடுத்தார். கொடுக்கும்போது கை ஆடியது. ராமலிங்கம் அந்தக் கையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார், நான் ஏதோ அவருடைய கட்சி என்பதுபோல. அப்போது நான் அவருடைய கட்சிதான்.

அதற்குப் பிறகு யாரும் அவரிடம் ஒரு சைக்கிளைக்கூட நம்பிக் கொடுக்கவில்லை. தண்ணீர் பிடித்தார், விறகு பிளந்தார், சோனியாவின் பாவாடையை இஸ்திரி போட்டார். சாயங்காலம் எங்கேயாவது நடந்துவிட்டு வந்தால், நான் கேட்காமலேயே வாசலில் நின்று ஊதுவார். நான் மோந்து பார்ப்பேன். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர். ஒரு நாள்கூட வாடை இல்லை. ஒரு நாள்கூட என் சந்தேகமும் குறையவில்லை. நாளைக்கு அடிக்கும், நாளைக்குக் கண்டுபிடிப்பேன் என்று காத்திருந்தேன். இதை எழுதும்போதுதான் தெரிகிறது, அவர் குடித்துவிட்டு வர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டிருக்கிறேன். அப்போதாவது நான் சொன்னது சரியாகிவிடும் அல்லவா?

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் காத்தவராயன் வந்தார். என் கணவர் குழாயடிக்குப் போயிருந்தார். காத்தவராயன் உட்காரவில்லை. மடித்த செய்தித்தாளைப் பிரித்து என் கையில் ஒரு இரும்பு வளையத்தை வைத்தார். வட்டமாக இருக்க வேண்டிய அதன் துளை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது.

"இதான்மா," என்றார்.

"இன்னாண்ணா இது?"

"முன்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்க சட்டத்தோட சேக்குற புஷ்ஷு. என் செயின் பிளாக்கைக் கோயில் மணி எறக்கணும்னு வாங்கினு போயிட்டாங்க. அந்த நேரம் பாத்து, கியர் பாக்ஸ்ல ஆயில் ஒழுவுதுன்னு ராமலிங்கத்தோட புது டிரைவரு ரவிகுமார் ஜீப்ப எடுத்தாந்தான். தொங்கவுட முடியல. தரையில நிக்கும்போதே அடியில பூந்து படுத்தேன். அவன் மேல உக்காந்துனு சும்மா ஸ்டியரிங்க அப்பிடி இப்பிடி திருப்பினு இருந்தான். பாத்தேன்மா. சக்கரம் திரும்பறதுக்கு முன்ன ஆக்சிலு மொத்தமும் பக்கவாட்டுல ஒரு வெரக்கட அளவு நவுருது."

நான் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்தவில்லை, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர் மாதிரி ஒரே மூச்சில் சொன்னார்.

"தொங்கவுட்டா ஆக்சிலோட கனம் கீழ இழுத்து இந்த ஓட்டைய டைட்டா புடிச்சுக்குது. ஆட்டமே தெரியாது. தட்டினா கணீர்னுதான் கேக்கும். பின்னால லோடு ஏறுனா முன்னால லேசாவும், அப்ப பள்ளத்துல அடிச்சா உதற ஆரம்பிச்சுடும். இன்பராஜு சொன்னது அத்தினியும் ரைட்டு. கேஜு தொங்குற சாமான்மா. ஜீப்பு நிக்கிற சாமான். எனக்கு அது தோணவே இல்ல."

"ரவிகுமாருக்கு ஆடலியா?"

"அவனுக்கும் ஆடிச்சாம். சொன்னா நம்மளையும் ஊதச் சொல்லுவாங்கன்னு முப்பதுலயே ஓட்டினு இருந்தானாம்."

"எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்றீங்க? பெஞ்சுல உக்காந்து இருந்தாங்களே, அவங்க கிட்ட சொல்லுங்க. ராமலிங்கத்துகிட்ட சொல்லுங்க."

"சொல்லத்தான்மா வேணும்," என்றார். புது புஷ் போட்டாகிவிட்டது, வண்டி இப்போது எவ்வளவு லோடிலும் ஆடுவதில்லை என்றும் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு போனார்.

மறுநாள் காலை ஸ்கூலுக்கு லீவு சொல்லிவிட்டு நேராக ராமலிங்கம் கடைக்குப் போய், அந்த வளையத்தைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு எதிர்வரிசையில் டீ குடித்துக்கொண்டிருந்த காத்தவராயனைக் கைகாட்டி அழைத்தார். கடைமுன்னால் கூட்டம். கூட்டத்தில் பெஞ்சு ஆட்களும் இருந்தார்கள்.

"காத்தவராயா, டீச்சர் ஏதோ சொல்றாங்க. இது நம்ம ஜீப்புதா?"

காத்தவராயன் என் முகத்தைப் பார்க்கவில்லை. வளையத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த வண்டிதோ. ஷெட்டுல இது மாதிரி நூறு கீது," என்றார். வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ராமலிங்கம் என்னிடம் இன்னும் மரியாதையாகப் பேசினார். "புருஷனுக்காகப் பேசறது தப்பு இல்ல டீச்சர். ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க. டிரைவர் மாறின பெறகு வண்டி ஆடறது நின்னுபோச்சு. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வளையத்தாலேயே அவர் மண்டையை உடைத்திருப்பேன். சாட்சி அது ஒன்றுதான் என்பதால் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். காத்தவராயன் பெரிய துரோகி, சந்தேகமில்லை. சுரங்கம் இன்றைக்கோ நாளைக்கோ மூடப்போகிறது என்று ஊரே பயந்துகொண்டிருந்த நேரத்தில், தன் பெயர் ஒன்றைத்தான் அவர் மூலதனமாக வைத்திருந்தார். அதைக் காப்பாற்ற என் புருஷனின் பெயரை மிதித்துக்கொண்டு போனார். அவரைத் திட்டிக்கொண்டே வீடு வரைக்கும் வந்தேன். வாசற்படியில் கால் வைத்தபோது திட்டுவதற்கு அவர் போதவில்லை. அவர் ஜீப்பைத்தான் தப்பாகப் பார்த்தார்.

சாயங்காலம் என் கணவரிடம் வளையத்தைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுண்டுவிரலைத் துளைக்குள் விட்டுச் சுழற்றினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வருஷமாகியிருந்தது.

"பாரு மே, ரெண்டு பக்கமும் தின்னுக்கீது. இதான். நான் சொல்லல? லோடு இருந்தா மட்டும்னு சொன்னேன் இல்ல?" சோனியாவைக் கூப்பிட்டு அவளுக்கும் காட்டினார். ஸ்பிரிங் எங்கே இருக்கும், சட்டம் எங்கே, லோடு ஏறினால் மூக்கு எப்படித் தூக்கும் என்று நோட்டுப் புத்தகத்தைச் சாய்த்து வைத்து விளக்கினார். காத்தவராயன் மறுத்ததைப் பற்றியும் ராமலிங்கம் சொன்னதைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வியாதி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"என்னை மன்னிச்சுடுங்க," என்றேன். அழுதேன்.

"இன்னாத்துக்கு அழுவுற? விடு. சோறு போடு," என்றார்.

எல்லாம் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் நடந்துவிட்டு வந்தார். நான் கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு, பேசுவதற்கு நல்ல வார்த்தைகளைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அவர் செருப்பைக் கழற்றினார், வாசற்படிக்கு வெளியே நின்றார், வாயைத் திறந்து என் முகத்துக்கு நேராக ஊதினார்.

"வேணாங்க. இனிமே வேணாம்," என்றேன்.

தலையாட்டினார். நகரவில்லை. திரும்பவும் ஊதினார். கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. கேலியும் இல்லை, கோபமும் இல்லை. பேங்க்ஸ்மேன் தலையசைக்காமல் கேஜில் கால் வைக்கக் கூடாது என்று நிற்கிற ஆள் மாதிரிதான் நின்றார். ஒரு முறை நான் பிடிவாதமாக மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்றைக்கு அவர் சோறு போடுகிற நேரம் வரைக்கும் வெளியேதான் உட்கார்ந்திருந்தார். சோனியாதான், "மோந்து பாருங்கம்மா, பாவம்மா," என்றாள்.

இரண்டாயிரத்து ஒன்று மார்ச்சில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஊரில் பாதிப் பேர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அவரும் போகிறார், ஒரு கிடங்கில் வாட்ச்மேன். காத்தவராயன் இன்னும் ஜீப்பைத் தொங்கவிட்டுத்தான் பார்க்கிறாராம். ஆனால் இறக்கிய பிறகு, யாரையாவது மேலே ஏற்றி ஸ்டியரிங்கை ஆட்டச் சொல்லிவிட்டு அடியில் படுத்துப் பார்க்கிறாராம். எதற்கு என்று கேட்டால் பதில் வருவதில்லையாம். ராமலிங்கம் இன்றைக்கும் வழியில் பார்த்தால் என் கணவரின் உடம்பை விசாரிக்கிறார். தேய்ந்த வளையம் எங்கள் வீட்டு ஜன்னலில் இருக்கிறது. சத்தியம் செய்த நாளிலிருந்து அவர் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. இதை நான் எந்தக் கோயிலிலும் பீடத்தில் கைவைத்துச் சொல்வேன், கேட்கத்தான் ஆள் இல்லை.

தினமும் ஏழரை மணிக்கு ரயிலிலிருந்து நடந்து வருகிறார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்கு வெளியே நிற்கிறார். ஊதுகிறார். நான் குனிந்து மோந்து பார்க்கிறேன். பார்த்தால்தான் உள்ளே வருகிறார்.